அக்காவிடம் சொன்ன ‘முடியாது’

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். பயிற்சிக் காரில் ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று இருக்கும். அங்கிருந்த மற்ற ஆசிரியர்கள் நாய் குறுக்கே வந்தாலும் மிதிப்பார்கள், நாய் வரும் என்று தோன்றினாலும் மிதிப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு அத்தோடு கைகால் வெலவெலத்துவிடும். இவள் அப்படி இல்லை. “நீங்களே மிதிங்க, உங்களால முடியும்” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நிஜமாகவே வேறு வழியில்லை என்றால்தான் அவள் கால் இறங்கும். பிரேக்கைத் தொடாதவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரோ ஒரு குறும்புக்காரர். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஐம்பதை ஒட்டிய பெண்கள். கணவருக்குக் கண் மங்கியதால் வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் தூரதேசம் போய்விட, வாசலில் கார் தூசி படிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் வருகிறவர்கள் உண்டு. பெற்றவர்களையும் கணவரைப் பெற்றவர்களையும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறவர்கள்தான் அதிகம். ஸ்டியரிங்கைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் வாய் திறந்துவிடும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும் என்பதாலோ என்னவோ, கூடப் பிறந்தவளிடம் சொல்லாததைக்கூட அந்தக் காருக்குள் கொட்டிவிடுவார்கள்.

எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். படி என்றார்கள், படித்தார்கள். வேலைக்குப் போ என்றார்கள், போனார்கள். ஆபீஸ் போகிறாயே, அடுப்படிக்கு வேறு யாராவது போகட்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மாக்களுக்கு வீடு ஒன்றுதான் பாரம். மகள்கள் ‘இது என் வேலை இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் பிறந்த இவர்கள் இரண்டு சுமையையும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு, இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போதாக்குறைக்கு உடம்பும் சதி செய்கிறது.

“டீச்சர், ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்களேன்.”

“கூட்டியாச்சு. இதுக்கு மேல கூட்டினா ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்த மாதிரி ஆயிடும்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?”

“உங்களுக்கு மட்டுமா? என் கழுத்தைப் பாருங்க. வேணாம் வேணாம், ரோட்டைப் பாருங்க!”

பிரேக் டீச்சருக்கும் அப்போது ஐம்பத்திரண்டு வயது. உச்சந்தலையில் அடுப்பு மூட்டினாற்போல் திடீரென்று சூடு கிளம்பும். அடுத்த நிமிஷம் குளிரும். கையில் வைத்திருக்கும் சாவியையே வீடு முழுக்கத் தேடுவாள். டாக்டரிடம் போனால், “அது நிக்கிற நேரம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்” என்று கண்ணைக்கூட நிமிர்த்தாமல் சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் வந்தால் வலிக்காதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் எழுந்து வந்தாள்.

கேட்காமல் வருவது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. ‘சரி’ என்ற சொல் அவள் நாக்கு நுனியிலேயே குடியிருந்தது. கணவர் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். நல்லவர்தான். குடித்த டம்ளரை இடம் மாற்றி வைக்கத் தெரியாத நல்லவர். பள்ளி முதலாளி ஒரு வகுப்பு கூடுதலாக எடுக்கச் சொன்னால் ‘சரி சார்’. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் ‘சரிம்மா’. மாமியார் கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது எத்தனை ‘சரிங்க அத்தை’ சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அவளிடம் எதையுமே கேட்காத ஒரே ஆள் அக்கா.

அக்கா ஆறு வயது பெரியவள். அம்மா நோயில் விழுந்தபோது தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்கா. படித்து முடித்ததும் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனதும் அவள்தான். அம்மா இறந்த பிறகு வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தபோது, “முதல்ல சின்னவளுக்கு முடிங்கப்பா. எனக்கென்ன அவசரம்?” என்றாள். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். சின்னவள் கட்டிக்கொண்டு போனாள். பெரியவளுக்கு அவசரம் என்று யாருக்கும் கடைசிவரை தோன்றவே இல்லை. பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட, அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு பிரேக் டீச்சர் அங்கே போவாள். அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுப்பாள். அக்கா போடும் டீயைக் குடிப்பாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “ஏதாவது வேணும்னா சொல்லுக்கா” என்பாள். “சொல்றேன், நீ பாத்துப் போ” என்பாள் அக்கா. வாராவாரம் இதே பேச்சுதான். அக்கா சொல்லமாட்டாள் என்று இருவருக்குமே தெரியும்.

அந்தச் சமயத்தில் பிரேக் டீச்சரிடம் ஒரு வங்கிக்காரம்மா ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் சாமியாடுவாள். வாய் என்னவோ நேராகத்தான் ஓடும்.

“நேத்து என் பையன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன் டீச்சர்.”

“கண்ணாடியைப் பாருங்க. எதை முடியாதுன்னீங்க?”

“அவன் ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேருக்குச் சமைக்கணுமாம். முடியாதுப்பா, வெளியில வாங்கிக்கோன்னேன். வானம் இடிஞ்சு விழும்னு பாத்தேன். ஒண்ணும் விழல. சரிம்மான்னுட்டுப் போயிட்டான். இத்தனை வருஷம் எதுக்குப் பயந்தேன்னு எனக்கே சிரிப்பா வருது.”

“எனக்கெல்லாம் வாய்ல வராதும்மா.”

“வரும். சின்னதா ஆரம்பிங்க. ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அப்புறம் ருசி கண்டுடும்.”

பிரேக் டீச்சருக்கு அது மனதில் தைத்தது. அன்று சாயங்காலமே வீட்டில் தொடங்கிப் பார்த்தாள். “ஒரு டீ போடறியா?” என்றார் கணவர். “முடியாது” என்றாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமலே குலுங்கிச் சிரித்தார். “நல்லா ஜோக் அடிக்கற. சர்க்கரை கம்மியா போடு.” போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். “டீச்சர், டெஸ்ட் நெருங்குது. இந்த மாசம் முழுக்க லீவு போடாம வந்துடுங்க.” வாய் வரைக்கும் வந்தது. வந்தது ‘முடியாது’தான், வெளியே விழுந்தது ‘சரி சார்’.

அதற்கு அடுத்து மகளின் போன். “அம்மா, குழந்தையைப் பாத்துக்கற ஆயா நின்னுட்டாங்க. அடுத்த மாசம் வந்து ஒரு மாசம் இருக்கியா?” அவள் சரியென்று சொல்வதற்கு முன்பே மகள், “தேங்க்ஸ்ம்மா” என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு மறுநாள்தான் அக்கா வந்தாள்.

ஓட்டிப் பழகும் மைதானத்தின் வாசலில், வெயிலில், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா அந்த இடத்துக்கு அதற்கு முன்பு வந்ததே இல்லை. பிரேக் டீச்சருக்கு அன்று விடிந்ததிலிருந்தே சரியில்லை. ஒரு மாணவி மைதானத்துச் சுவரில் இடித்து முன்விளக்கை நொறுக்கியிருந்தாள். அதற்கு முதலாளி எல்லார் முன்னிலையிலும் டீச்சரைக் கடிந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று பதறி ஓடினாள்.

“அப்பாவுக்கு என்னக்கா?”

“அவருக்கு ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரம்மாவை உக்கார வெச்சிட்டு வந்தேன்.” அக்கா குடையின் பட்டையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “ஒண்ணு கேக்கணும். ஒரு வாரம் அப்பாவைப் பாத்துக்கறியா? நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்.”

“எங்க?”

“நம்பர் ப்ளீஸ் வீட்டுக்கு.”

நம்பர் ப்ளீஸ் என்பது அக்காவோடு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த தோழி. வீட்டில்கூட, இணைப்புக் கேட்பவர்களிடம் சொல்லும் அதே ராகத்தில் ‘நம்பர் ப்ளீஸ்’ என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். சின்னவள்தான் பள்ளிக்கூட வயதில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகும் அவள் மட்டும் அக்காவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள்.

“என்ன விசேஷம்?”

“விசேஷமெல்லாம் இல்ல. சும்மாதான். ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்கா. அடுத்த வாரம்... உனக்கு முடிஞ்சா.”

அந்தச் ‘சும்மாதான்’ என்ற சொல் எங்கேயோ போய்க் குத்தியது. முன்னால் முதலாளி, பின்னால் மகள், வீட்டில் டீக்குக் காத்திருக்கும் கணவர், இதற்கு நடுவில் சும்மா தோழி வீட்டுக்குப் போக ஒரு வாரமா? கழுத்திலிருந்து சூடு கிளம்பிக் காது மடலுக்கு ஏறியது.

“முடியாதுக்கா” என்றாள். “என்னால இப்ப முடியாது. ஆளாளுக்கு என்னையே இழுத்தா நான் எத்தனை துண்டாகறது? எல்லாருக்கும் நான்தான் கிடைச்சேனா?”

அக்காவின் முகம் மாறவில்லை. குடையின் பட்டையைச் சுற்றிப் பொத்தானை மாட்டினாள்.

“சரிடி. பரவால்ல. நான் என்னவோ நினைச்சிட்டு வந்தேன். நீ சாப்டியா?”

“இல்ல. சாப்பிடணும்.”

“சாப்டு முதல்ல. முகமே வாடியிருக்கு.”

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தாள். மைதானத்தில் பள்ளியின் கார்கள் மூன்று சும்மா நின்றன. கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கத் தங்கைக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு ‘முடியாது’ முழுசாக, உடையாமல், நடுங்காமல் வெளியே வந்திருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. சாயங்கால வகுப்பில் வங்கிக்காரம்மா வண்டியில் ஏறியதும் ஏறாததுமாகப் பிரேக் டீச்சர் சொன்னாள்.

“சொல்லிட்டேன்ம்மா!”

வங்கிக்காரம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினாள். “பாத்தீங்களா! யார்கிட்ட? முதலாளிகிட்டயா?”

“இல்ல. எங்க அக்காகிட்ட.”

“அக்காகிட்டயா...” வங்கிக்காரம்மாவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். “போகட்டும். முதல் தடவை யார்கிட்டயாவது சொல்லித்தானே ஆகணும்.”

அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போனாள். பேரக்குழந்தையின் பின்னால் ஓடினாள், சமைத்தாள், துணி மடித்தாள். திரும்பி வந்தபோது இடுப்பு ஒடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாதிரியே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா பழைய மாதிரியே டீ போட்டுக் கொடுத்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வயசு, வேலை என்று தங்கை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். “நம்பர் ப்ளீஸ் எப்படி இருக்காங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை அப்பாவுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். தோளில் ஆபீஸ் பை, கையில் ஒரு துணிப்பை. அக்கா அவளைப் பார்த்ததும் போய்க் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

நம்பர் ப்ளீஸின் மகள். ஆபீஸ் வேலையாக இந்த ஊருக்கு வந்தவள், வழி விசாரித்து வந்திருந்தாள்.

“வரணும்னு நினைச்சிட்டே இருந்தேன் ஆன்ட்டி. அம்மா போய் மூணு மாசம் ஆயிடுச்சு. இப்பதான் வர முடிஞ்சது.”

தங்கையின் கையிலிருந்த ஸ்பூன் பாதியில் நின்றது. அப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தப் பெண் துணிப்பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். “இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. டாக்டர் இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு சொன்ன அன்னிக்கே அம்மா உங்களுக்குத்தானே போன் பண்ணாங்க? அவ வர்றேன்னிருக்கா, மாடி ரூமை ஒழிச்சு வைடின்னு என்னை ஒரே பாடு. கட்டிலை ஜன்னல் பக்கமா திருப்பிப் போடச் சொன்னாங்க. ரெண்டு பேரும் பேசிட்டே படுத்துக்கணுமாம். நீங்க வரலைன்னதும் கொஞ்சம் வாடிட்டாங்க. அப்புறம் அவங்களே, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு...” அவள் துணிப்பையை மடிக்கத் தொடங்கினாள்.

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. சால்வையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, ரொம்ப இயல்பாகச் சொன்னாள்:

“கிளம்பத்தான் இருந்தேன்மா. அந்த நேரம் பாத்து அப்பாவுக்கு மூச்சு இரைப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். இவளும் பாவம், ராவும் பகலுமா கூடவே இருந்தா. விட்டுட்டு வர முடியல.”

மூச்சு இரைப்பும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. அந்தப் பெண் தங்கையைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தாள். “எனக்குப் புரியுது ஆன்ட்டி. நீங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க.” தங்கை அடுத்த ஸ்பூனை அப்பாவின் வாயில் வைத்தாள். பால் அவர் மோவாயில் வழிந்தது.

அந்தப் பெண் போன பிறகு, அடுப்படியில் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை வாசற்படியிலேயே நின்றாள்.

“ஏன்க்கா சொல்லல?”

“எதை?”

“அவங்க சாகக் கிடக்காங்கன்னு. சும்மாதான் போறேன்னியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே! எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்திருப்பேன்.”

“வந்திருப்ப. எனக்குத் தெரியாதா?” அக்கா குழாயை மூடினாள். “அதனாலதான் சொல்லல.”

“என்னக்கா பேசற நீ?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுப்பது மாதிரி மெதுவாகப் பேசினாள். “அவ சாகப் போறான்னு சொன்னா யார்தான் வரமாட்டாங்க? அது அவளுக்காக வர்றது. எனக்கு ஒரு வாரம் வேணும்னு கேட்டா வருவியான்னு பாக்கணும்போல இருந்துச்சு. எதுக்கு, என்னத்துக்குன்னு காரணம் சொல்லாம. இத்தனை வருஷத்துல ஒரு தடவை. வீம்புதான். வேற என்ன?”

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா அவளை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அழாதடி. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. நிஜமா இல்ல. அன்னிக்கு பஸ்ல ஏறும்போதே நினைச்சேன், திரும்பிப் போய்ச் சொல்லிடலாமான்னு. இறங்கியிருக்கலாம். இறங்கல. சாயங்காலம் போன் பண்ணலாமான்னு நினைச்சேன், பண்ணல. என் வீம்பு பெருசா, அவ பெருசான்னு பாத்தா நான் வீம்பைத்தான் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ ஒரு தடவைதான் முடியாதுன்ன. நான் தினம் தினம் சொல்லாமலே இருந்தேனே.”

உள்ளேயிருந்து அப்பா குழறலாகக் கூப்பிட்டார். அக்கா எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்தும் பிரேக் டீச்சருக்கு மனம் ஆறவில்லை. அக்கா தன் மேலும் பழியை எடுத்துப் போட்டுக்கொண்டது இன்னும் பாரமாக இருந்தது. நடந்ததைத் திருத்த முடியாது. ஆனாலும் சும்மா இருக்கவும் முடியவில்லை. அக்காவை ஒரு வாரம் அனுப்பட்டுமா என்று அந்த இளம்பெண்ணுக்குத் தானே போன் செய்து கேட்டாள். “வரச் சொல்லுங்க ஆன்ட்டி, அம்மா ரூம் அப்படியேதான் இருக்கு” என்றாள் அவள். பிறகு முதலாளியிடம் போய், ஒரு வாரம் வரமாட்டேன் என்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள். அவரோ, “அதுக்கென்ன டீச்சர், வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். மகள் அந்த வாரம் குழந்தையோடு வருவதாக இருந்தாள். அவளிடமும் இப்போது வேண்டாம் என்றாள்.

“சரிம்மா, அப்புறம் வர்றேன்” என்றாள் மகள். கொஞ்சம் நிறுத்தி, “உனக்கு முடியலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. போன தடவை நீ வர்றேன்னு சொன்னதாலதான் நான் வேற ஆள் பாக்கல. ஆபீஸ்லயே குழந்தைங்களைப் பாத்துக்கற இடம் இருக்கு. இப்ப அங்கதான் விடறேன், ஜாலியா இருக்கான்” என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களில் யாரிடம் சொல்லியிருந்தாலும் வானம் இடிந்து விழுந்திருக்காது. இடிந்து விழுந்த ஒரே இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கணவரிடம், “ஒரு வாரம் நீங்களே பாத்துக்குங்க” என்றாள். “டீத்தூள் எங்க இருக்கு?” என்று கேட்டார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷத்தில் அவள்தான் காட்டவே இல்லை.

அக்கா முதலில் மறுத்தாள். அவளே இல்லாத வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்றாள். தங்கை விடவில்லை. பையைக் கட்டி, ரயில் ஏற்றி விட்டுவிட்டு வந்தாள்.

அப்பாவோடு இருந்த அந்த நாட்கள் அவளுக்கு அதுவரை தெரியாதவை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வேறு, மற்ற நாள் அப்பா வேறு. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதற்குள் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. விரிப்பை மாற்றி முடித்தால் மறுபடி நனைத்திருப்பார். அவள் குளிக்கப் போனால் கூப்பிடுவார், சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுவார்; வந்து நின்றால் எதற்குக் கூப்பிட்டோம் என்று அவருக்கே தெரியாது. அவளை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, “சிஸ்டர், பெரியவ எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஊருக்குப் போயிருக்காங்கப்பா.”

“அவ ஊருக்கெல்லாம் போகமாட்டா. வரச் சொல்லுங்க.”

அக்காவின் கட்டில் அப்பாவின் கட்டிலை ஒட்டியே கிடந்தது. படுத்தபடியே கையை நீட்டினால் அவர் தோள் தட்டுப்படும். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அதில் மாத்திரை, தண்ணீர், துண்டு. அந்த அறையில் அக்காவுக்கென்று இருந்தது சுவரில் ஒரு கண்ணாடியும் அதன் கீழே ஒரு சீப்பும்தான். அதைப் பார்த்துக்கொண்டு தங்கை கொஞ்ச நேரம் நின்றாள். ‘ஏதாவது வேணும்னா சொல்லுக்கா’ என்று செருப்பை மாட்டிக்கொண்டே எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று நினைத்தபோது, அவளுக்கே தன் குரல் காதில் விழுந்து கூசியது.

வாரம் முடியும் முன்பே, ஒரு மத்தியானம், அக்கா பையோடு வாசலில் வந்து நின்றாள்.

“என்னக்கா, அதுக்குள்ள?”

“போதும்டி. அந்தப் பொண்ணு ஆபீசுக்குப் போயிடறா. நான் மட்டும் அந்த ரூம்ல உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டிருந்தேன். நல்ல ஜன்னல்தான். அவ இருந்திருந்தா வாய் வலிக்க வலிக்கப் பேசியிருப்போம்.” குற்றம் சொல்வதுபோல் அல்ல, வெயில் அதிகம் என்பதுபோல் சொன்னாள். பையை வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் ஒரு பக்க வாயால் சிரித்தார். “இந்த சிஸ்டர் நல்லவங்கதான், ஆனா கை முரடு” என்று குழறினார். அக்கா சிரித்தாள். தங்கையும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பிரேக் டீச்சர் அங்கேயே தங்கினாள். அந்த நாட்களில் எங்கேயாவது போய்விட்டு வா என்று அக்காவைத் துரத்தினாள். அக்கா கடைத்தெரு வரை போவாள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவாள். “என்னக்கா, உடனே வந்துட்ட?” என்றால், “வெயில்” என்பாள், “கூட்டம்” என்பாள். பல சமயம் பக்கத்து அறையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள். தூங்குவதாவது தூங்கட்டும் என்று தங்கை கதவைச் சாத்திவிட்டு வருவாள்.

அப்பா மேலும் ஒன்றரை வருஷம் இருந்தார். ஒரு காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, ஒருநாள் பிரேக் டீச்சர் முதலாளியிடம் சொல்லிப் பள்ளிக் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏறுக்கா. எங்கயாவது போலாம்.”

“எங்க?”

“நீ சொல்லு. எங்க சொல்றியோ அங்க ஓட்டறேன்.”

அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கு ஒரு ஊர்ப் பெயரும் வரவில்லை. கடைசியில், “நீயே எங்கயாவது ஓட்டேன்” என்றாள்.

ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் போனார்கள். அக்கா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்தாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தார்கள். நம்பர் ப்ளீஸ் தொலைபேசி நிலையத்தில் ஒரு மேலதிகாரியை அவர் குரலிலேயே பேசி ஏமாற்றிய கதையை அக்கா சொன்னாள். சொல்லும்போது இருபது வயதுப் பெண்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னும் போகலாம் என்று தங்கை சாவியைத் திருகியபோது, அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“திருப்பிடுடி. இருட்டறதுக்குள்ள போயிடணும்.”

“ஏன்க்கா?”

“அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை...” என்று தொடங்கினாள் அக்கா. பாதியில் நிறுத்திக்கொண்டாள். மடியிலிருந்த கைப்பையை நேராக வைத்துக்கொண்டு, முன்னால் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நின்றிருந்தது. பிரேக் டீச்சர் கியரைப் போட்டு வண்டியைத் திருப்பினாள்.